கணிதம் தத்துவத்தை உண்மையில் மாற்றியதா?

தத்துவஞானிகளுக்குக் கணிதம் வெறும் அலங்காரமா, அல்லது அவர்களுடைய சிந்தனையையே அது மாற்றியதா என்று கேட்டிருக்கிறீர்கள். மாற்றியது. முதலில் நிச்சயத்தின் மீது ஆசையைக் கொடுத்தது; பிறகு அந்த நிச்சயத்தையே கேள்விக்குள்ளாக்கியது. இரண்டாவதுதான் பெரிய கொடை என்பது என் கருத்து.

வெள்ளவத்தையில் சாதாரண தர மாணவர்களுக்குக் கணிதம் கற்பிக்கிறேன். முக்கோணியின் அகக்கோணங்களின் கூட்டுத்தொகை 180 பாகை என்ற தேற்றத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பாகைமானியால் அளந்தால் ஒரு பிள்ளைக்கு 179 வரும், இன்னொரு பிள்ளைக்கு 181 வரும். நிறுவலில் அந்தத் தடுமாற்றம் இல்லை. உச்சியினூடாக அடிப்பக்கத்துக்குச் சமாந்தரமாக ஒரு கோடு வரைந்தால், ஒன்றுவிட்ட கோணங்கள் சமன் என்பதால் மூன்று கோணங்களும் அந்த நேர்கோட்டில் வந்து சேர்ந்துவிடுகின்றன. இதுவரை யாருமே வரையாத முக்கோணிக்கும் இது பொருந்தும்.

அளக்காமலே அறியலாம் என்ற இந்த வியப்புத்தான் பிளேட்டோவை ஆட்கொண்டது. 'மெனோ' உரையாடலில், படிப்பறிவில்லாத ஓர் அடிமைச் சிறுவனிடம் கேள்வி கேட்டுக் கேட்டே, ஒரு சதுரத்தின் இரு மடங்கு பரப்புள்ள சதுரம் அதன் மூலைவிட்டத்தின் மீது அமையும் என்பதைக் காணவைக்கிறார் சோக்கிரட்டீஸ்.

பதினேழாம் நூற்றாண்டின் டச்சுத் தத்துவஞானி ஸ்பினோசா இன்னும் துணிந்தார். அவர் இறந்த பின் 1677இல் வெளிவந்த 'எதிக்ஸ்' நூலில் கடவுள், மனம், ஆசை, கோபம் எல்லாமே, பண்டைய கிரேக்கக் கேத்திரகணித அறிஞர் யூக்ளிட்டின் பாணியில் வரைவிலக்கணம், வெளிப்படையுண்மை (நிறுவாமலே ஏற்றுக்கொள்ளும் கூற்று), தேற்றம், நிறுவல் என்று வருகின்றன. சைவ சித்தாந்தம் படித்தவர்களுக்குச் சிவஞானபோதம் நினைவுக்கு வரும். அங்கும் 12 சூத்திரங்கள். மேற்கோள் (நிறுவ வேண்டிய கூற்று), ஏது (காரணம்) என்று ஒழுங்காகச் செல்லும். ஆனால் அதன் ஆசிரியர் மெய்கண்டார் உதாரண வெண்பாவும் தருகிறார். ஸ்பினோசாவுக்கு நிறுவலே போதும். அந்த வேறுபாட்டில் யூக்ளிட்டின் கை தெரிகிறது.

ஜெர்மன் தத்துவஞானி கான்ட் 1781இல், கேத்திரகணிதம் அனுபவத்துக்கு முன்பே நமக்கு நிச்சயமாகத் தெரிந்த அறிவு என்று வாதிட்டார். ஐம்பது ஆண்டுகள்கூட ஆகவில்லை. 1829இல் லொபச்செவ்ஸ்கி, 1832இல் போல்யாய் என்ற கணிதவியலாளர்கள், ஒரு கோட்டுக்கு வெளியேயுள்ள புள்ளியினூடாக ஒரே ஒரு சமாந்தரக் கோடுதான் வரையலாம் என்ற யூக்ளிட்டின் எடுகோளை மாற்றி, வேறொரு கேத்திரகணிதத்தையே கட்டினார்கள். அதில் முக்கோணியின் கோணங்கள் 180 பாகைக்குக் குறைவு. உருண்டையில் அதற்கு எதிர்மாறு. பூகோள உருண்டை ஒன்றை எடுங்கள். வட துருவத்திலிருந்து கொழும்பின் நெடுங்கோட்டில் இறங்கி மத்திய கோட்டைத் தொட்டு, அதன் வழியே உலகில் கால்பங்கு சென்று, மீண்டும் துருவத்துக்கு ஏறுங்கள். மூன்றும் செங்கோணங்கள், கூட்டுத்தொகை 270 பாகை!

அப்படியானால் வெளிப்படையுண்மை என்பது உண்மையா, நாம் தேர்ந்துகொண்ட ஏற்பாடா? இந்தக் கேள்வியைத் தத்துவவாதிகள் தாமாகக் கேட்கவில்லை, கணிதம் கேட்கவைத்தது. 1915இல் ஐன்ஸ்டைன் வளைந்த வெளியைக் கொண்டே ஈர்ப்பை விளக்கியபோது அதைத் தட்டிக்கழிக்கவும் முடியாமல் போயிற்று.

உயர்தரத்தில் அளவையியல் (தர்க்கம்) எடுக்கும் கலைப்பிரிவுப் பிள்ளைகள் "கணிதத்திலிருந்து தப்பிவிட்டோம்" என்று சொல்லும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது. நீங்கள் தொடங்க விரும்பினால் 'மெனோ'வின் அந்தச் சிறுவன் வரும் பகுதியைப் படியுங்கள். தாளும் பென்சிலும் வைத்துக்கொண்டு, அவன் விடை சொல்வதற்கு முன் நீங்களே சதுரத்தை வரைந்து பாருங்கள்.