மேடை ஏறினால் குரல் போய்விடுகிறது: மகளுக்கு எப்படி உதவுவது?

கேள்வி: என் மகள் தொடக்கநிலை 5 படிக்கிறாள். வீட்டில் வாய் ஓயாது. ஆனால் வகுப்பின் முன்னால் நின்றால் கை நடுங்கும், ஒரு வார்த்தை வராது. ஏப்ரலில் தமிழ்மொழி விழாவை ஒட்டி நடக்கும் பேச்சுப் போட்டிக்கு ஆசிரியை அவள் பெயரைக் கொடுத்துவிட்டார். தலைப்பு 'உணவை வீணாக்காதே', 3 நிமிடம். நானே எழுதிக்கொடுத்து மனப்பாடம் செய்ய வைக்கிறேன். பாதியில் மறந்துபோய் அழுகிறாள். பெயரை எடுத்துவிடச் சொல்லலாமா? அடுத்த ஆண்டு பிஎஸ்எல்இ (தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு) வாய்மொழித் தேர்வு வேறு வருகிறது. – ஒரு தாய், செங்காங், சிங்கப்பூர்

பதில்: முதலில், நீங்கள் எழுதிக்கொடுத்த தாளை எடுத்து உள்ளே வைத்துவிடுங்கள். சிக்கலில் பாதி அதில்தான் இருக்கிறது.

பேச்சுப் போட்டிகளில் நடுவர் மேசையில் உட்கார்ந்திருக்கும் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், பெற்றோர் எழுதிய பேச்சு எது என்று இரண்டாவது வரியிலேயே தெரிந்துவிடும். "உணவு என்பது மனித வாழ்வின் இன்றியமையாத அங்கமாகத் திகழ்கிறது" என்று ஒரு பத்து வயதுப் பிள்ளை தானாகச் சொல்லாது. அந்த வரி அதன் நாக்கில் உட்காராது. 'இன்றியமையாத'வில் தடுக்கியதும் கண் கூரையைப் பார்க்கும். அப்புறம் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து, சத்தம் வராமல் உதட்டை அசைத்து அடுத்த வரியைச் சொல்லிக்கொடுக்கும் அம்மாவைத் தேடும். மனப்பாடப் பேச்சு ரயில் பெட்டிகள் போல. ஒரு கொக்கி கழன்றால் பின்னால் இருப்பதெல்லாம் நின்றுவிடும். இதைத் துணிச்சல் குறைவு என்று நாம் பெயர் வைத்துவிடுகிறோம். உண்மையில் பிள்ளை பயப்படுவது கூட்டத்துக்கு இல்லை, மறந்துபோவதற்குத்தான்.

அதனால் பேச்சை அவளிடமிருந்தே எடுங்கள். இன்று இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு கைப்பேசியில் ஒலிப்பதிவைப் போட்டுவிட்டு, "உங்க கேன்டீன்ல யாரு சாப்பாட்டை அதிகமா வீணாக்குறா?" என்று கேளுங்கள். பேச்சு என்று சொல்லாதீர்கள். வாய் ஓயாத பிள்ளை என்கிறீர்களே, கொட்டிவிடுவாள்: ரீசஸ் மணி அடித்ததும் பாதித் தட்டுச் சோற்றை அப்படியே வைத்துவிட்டு ஓடும் தோழி, தட்டுகளைக் காலி செய்யும் ஆன்ட்டியின் முகம், காய்கறியை மட்டும் ஒதுக்கிவிடும் தம்பி. பதிவை இருவரும் கேட்டு நல்ல இடங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். பேச்சு அங்கேயே கிடைத்துவிடும். இலக்கணத்தையும் சொல் முடிவுகளையும் கொஞ்சம் சீராக்கினால் போதும். ஒரு திருக்குறள் சேர்க்க ஆசையா, சேருங்கள். ஆனால் அவளுக்குப் பொருள் தெரிந்த குறளாக இருக்கட்டும்.

இங்கே ஒரு விஷயம். நம் பிள்ளைகள் வீட்டில் ஒரு தமிழ் பேசுகிறார்கள், பாடப் புத்தகத்தில் இன்னொன்றை வாசிக்கிறார்கள். அதிலும் பாதி வீடுகளில் ஆங்கிலம்தான். மேடையில் நின்றதும் எந்தத் தமிழில் பேசுவது என்ற குழப்பமே அரை நொடியில் வாயைக் கட்டிவிடும். 2005-ஆம் ஆண்டுத் தமிழ்ப் பாடத்திட்ட மறுஆய்வுக்குப் பிறகு நம் பள்ளிகளில் தரமான பேச்சுத்தமிழுக்கு நல்ல இடம் கொடுக்கப்பட்டிருக்கிறது. கொச்சையாக இல்லாமல், படித்தவர்கள் பேசும் இயல்பான பேச்சு அது. போட்டியில் எழுத்துத்தமிழ்தான் வேண்டுமா, பேச்சுத்தமிழ் கலக்கலாமா என்று ஆசிரியையிடம் இப்போதே கேட்டுவிடுங்கள். எதுவானாலும் முதல் நாளிலிருந்து ஒன்றிலேயே பழகட்டும்.

சரி, எவ்வளவு மனப்பாடம் செய்வது? தொடக்கத்தில் இரண்டு வாக்கியம், முடிவில் ஒன்று. அவ்வளவுதான். முதல் சில நொடிகளில்தான் நெஞ்சு படபடக்கும், வாய் உலரும். அந்த நேரத்தில் யோசிக்காமல் வருவதற்கு அந்த இரண்டு வரி வேண்டும். நடுப்பகுதிக்குக் கெட்டியான சிறு அட்டைகள் நான்கு போதும், ஒன்றில் ஒரு சொல்: 'கேன்டீன்', 'ஆன்ட்டி', 'தம்பி', 'நாம்'. ஏ4 தாள் வேண்டாம். கை லேசாக நடுங்கினாலும் தாள் படபடக்கும், அதைப் பார்த்தே பயம் இரட்டிப்பாகும். அட்டை நடுங்குவது யாருக்கும் தெரியாது. போட்டியில் கையில் எதுவும் வைத்திருக்கக்கூடாது என்று விதி இருந்தால், பயிற்சியில் அட்டையைப் பயன்படுத்திவிட்டுக் கடைசி வாரத்தில் எடுத்துவிடலாம்.

பயிற்சியை எப்போதும் "அவையோருக்கு வணக்கம்" என்பதிலிருந்து தொடங்காதீர்கள். எல்லாப் பிள்ளைகளுக்கும் தொடக்கம் தண்ணீர்பட்ட பாடு, முடிவு அரைகுறை. காரணம் இதுதான், தடுக்கும் ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து ஆரம்பிக்கிறார்கள். நீங்கள் ஒரு அட்டையை உருவிக் காட்டுங்கள், அங்கிருந்து பேசட்டும். மூன்றாவது, முதலாவது, நான்காவது என்று மாற்றி மாற்றி. பிறகு மேடையில் ஏதாவது மறந்தால், கடைசியாகச் சொன்ன வாக்கியத்தை நிதானமாக இன்னொரு முறை சொல்லிவிட்டு அடுத்த அட்டைக்குப் போய்விடலாம். விட்டுப்போனது கேட்பவருக்குத் தெரியவே தெரியாது. இதை வீட்டில் வேண்டுமென்றே செய்து பாருங்கள், ஒரு அட்டையை ஒளித்துவைத்துவிட்டுப் பேசச் சொல்லுங்கள்.

கூட்டத்தைப் படிப்படியாகப் பெரிதாக்குங்கள். முதலில் கைப்பேசி, பிறகு வீடியோ அழைப்பில் பாட்டி, அப்புறம் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் அண்டை வீட்டுப் பிள்ளைகள் இரண்டு மூன்று பேர். ஆசிரியை சம்மதித்தால் ரீசஸில் நான்கு தோழிகள் முன், அதன் பிறகு வகுப்பு. ஒரு படியில் பயம் கொஞ்சம் தணிந்த பிறகுதான் அடுத்த படி. இதற்கிடையே தேக்கா சந்தைக்குப் போனால் பிராட்டாவை (பரோட்டாவை) அவளே வாங்கட்டும். "அண்ணே, ரெண்டு கோசோங், ஒரு முட்டை, குழம்பு தனியா" (கோசோங் என்றால் வெறும் பிராட்டா) என்று சத்தமான கடையில் எட்டும்படி சொல்வதும் குரல் பயிற்சிதான். அவள் தயங்கினால் நீங்கள் முந்திக்கொண்டு சொல்லிவிடாதீர்கள். பின்னால் வரிசை நீளும், கொஞ்சம் சங்கடமாக இருக்கும், பரவாயில்லை.

"பயப்படாதே" என்ற சொல்லை வீட்டில் தடைசெய்துவிடுங்கள். பயம் சொன்னால் போகாது. ஹார்வர்டு வணிகப் பள்ளியின் ஆலிசன் வுட் புரூக்ஸ் 2014-இல் வெளியிட்ட ஆய்வில், மேடைக்கு முன் 'அமைதியாக இருக்கிறேன்' என்று சொல்லிக்கொண்டவர்களைவிட 'உற்சாகமாக இருக்கிறேன்' என்று சொல்லிக்கொண்டவர்கள் நன்றாகப் பேசினார்கள். ஆய்வில் இருந்தவர்கள் பெரியவர்கள்தான், ஆனால் பிள்ளைகளிடம் முயன்று பார்ப்பதில் நட்டமில்லை. பயத்துக்கும் உற்சாகத்துக்கும் உடம்பில் அதே படபடப்புத்தானே. இன்னொன்று, சாவிட்ஸ்கி, கிலோவிச் என்ற உளவியலாளர்கள் 2003-இல் காட்டியது: நம் பதற்றம் வெளியே தெரிவதாக நாம் நினைக்கும் அளவுக்கு அது தெரிவதில்லை. இதை முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொண்டவர்கள் பேசியதும் மேம்பட்டது. உங்கள் மகளுக்கு இதை வாயால் விளக்காமல் வீடியோவாகக் காட்டுங்கள். "கை நடுங்குச்சுன்னியே, எங்கே, காட்டு பார்ப்போம்" என்று கேளுங்கள். தேடித் தேடிப் பார்ப்பாள்.

திருத்தம் ஒரு தடவைக்கு ஒன்றுதான். பேசும்போது குறுக்கிட்டு ழகரத்தைத் திருத்தாதீர்கள், முடித்த பிறகு சொல்லலாம். 'வானம்' என்றால் கையை மேலே தூக்கு, 'யானை' என்றால் இரண்டு கையையும் விரி என்ற பழைய பாணி அபிநயத்தையும் விட்டுவிடலாம். நடுவர்களுக்கு அது அலுத்து ரொம்ப நாளாகிறது. போட்டியன்று உங்கள் இருக்கை ஓரமாக இருக்கட்டும், உதட்டை மூடிக்கொண்டு.

வாய்மொழித் தேர்வைப் பற்றி: பிஎஸ்எல்இ தமிழில் 200-க்கு 50 மதிப்பெண் அதற்குத்தான். வாசிப்பு 20, காணொளியைப் பார்த்து உரையாடுவது 30. ஆகஸ்டில் நடக்கும். உரையாடலில் மனப்பாடம் செல்லாது, பார்த்ததைப் பற்றித் தேர்வாளரிடம் இயல்பாகப் பேச வேண்டும். ஆகவே இப்போது செய்யும் ஒலிப்பதிவுப் பேச்சுகள் அடுத்த ஆண்டுக்கும் சேர்த்துத்தான். எம்ஆர்டி ரயிலில் ஏதாவது ஒரு காட்சியைப் பார்த்து, "அங்க என்ன நடக்குது? நீயா இருந்தா என்ன செய்வே?" என்று கேட்டுப் பழக்குங்கள்.

பெயரை எடுக்க வேண்டுமா? பயந்ததும் விலகினால் அப்போதைக்கு நிம்மதி, அடுத்த தடவை பயம் இன்னும் பெரிதாக வரும். அதனால் பொதுவாக வேண்டாம் என்பேன். ஆனால் சாப்பாடு இறங்கவில்லை, தூக்கம் இல்லை, பள்ளிக்கே போக மாட்டேன் என்கிறாள், அல்லது பள்ளியில் யாரிடமும் வாயே திறப்பதில்லை என்றால் பயிற்சியை நிறுத்திவிட்டு வகுப்பாசிரியர் வழியாகப் பள்ளி ஆலோசகரைப் பாருங்கள். திக்கல் இருந்தால் பலதுறை மருந்தகத்தில் காட்டிப் பேச்சுச் சிகிச்சைக்குப் பரிந்துரை வாங்கலாம். இவை எதுவும் இல்லாமல் வெறும் அழுகை என்றால், இந்த வாரமே ஆசிரியையிடம் பேசி, போட்டிக்கு முன் வகுப்பில் ஒரே ஒரு நிமிடம் பேச வாய்ப்புக் கேளுங்கள். முதல் அட்டை மட்டும் போதும்.