விழுந்துவிடுவோமோ என்று கட்டிலை விட்டு இறங்காத அப்பா

வணக்கம். பக்கவாதத்தில் இடது பக்கம் பலவீனமான உங்கள் அப்பா, குளியலறையில் வழுக்கியதிலிருந்து கட்டிலை விட்டு இறங்கவே மறுக்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். "பயப்படாதீங்க" என்று சொல்லிப் பயனில்லை. அவர் பயம் நியாயமானது. ஆனால் படுத்தே கிடந்தால் கால் தசை இன்னும் இளைக்கும், விழும் வாய்ப்பும் கூடும்.

நடையை இப்போதைக்கு விடுங்கள். கைப்பிடி உள்ள உயரமான நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போட்டு, எழுந்து உட்காரும் பயிற்சியில் தொடங்குங்கள். படுக்கையிலிருந்து எழும் முன் கட்டில் ஓரத்தில் ஓரிரு நிமிடம் உட்காரட்டும். சட்டென எழுந்தால் ரத்த அழுத்தம் இறங்கித் தலைசுற்றலாம். நீங்கள் அவருடைய இடது பக்கம், சற்றே பின்னால் நில்லுங்கள். அந்தக் கையைப் பிடித்து இழுக்கவே கூடாது, தோள்மூட்டு நழுவிவிடும். இடுப்பில் பட்டை கட்டி அதைப் பிடியுங்கள். ஊன்றுகோல் வலது கையில்.

காலில் தடுக்கும் வேட்டி வேண்டாம், அரைக்கால் சட்டை போதும். (என் மாமனார் இதற்குத்தான் அதிகம் சண்டை போட்டார்!) குளியலறைச் சுவரில் கைப்பிடி பதியுங்கள், துண்டு மாட்டும் கம்பி ஆள் எடை தாங்காது.

அப்புறம், விழுந்தால் தரையிலிருந்து எழுவது எப்படி என்று பிசியோதெரபிஸ்ட்டிடம் கேட்டு இருவரும் பழகுங்கள். எழ முடியும் என்று தெரிந்த பிறகுதான் பலருக்குப் பயம் குறைகிறது. அன்று வழுக்கியதில் தலையில் அடிபட்டிருந்தால் மட்டும் தாமதிக்காமல் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.