கொல்லையில் கிடைத்த வழவழப்பான கல்: கூழாங்கல்லா, கற்கோடாரியா?

நண்பரே, திருப்பத்தூர் பக்கம் கொல்லை உழும்போது கிடைத்த கருங்கல் ஆற்றுக் கூழாங்கல்தானா, எலுமிச்சை போட்டுத் தேய்த்துக் கழுவலாமா என்று கேட்டிருந்தீர்கள். அது பழங்காலத்துக் கற்கோடாரியாகவும் இருக்கலாம்; தயவுசெய்து தேய்க்காதீர்கள்! வெறும் தண்ணீரில் மண்ணை அலசினால் போதும்.

இருட்டறையில் டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்துப் பாருங்கள். கூழாங்கல் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி உருண்டு தேய்ந்திருக்கும். கோடாரியில் அகன்ற முனையில் இரண்டு முகங்களும் சரிந்து வந்து ஒரே விளிம்பில் சேரும். அங்கே மெல்லிய கீறல்கள் இணையாக ஓடினால் அது கல்லில் தேய்த்துத் தீட்டிய தடம். குறுகிய முனை பெரும்பாலும் சொரசொரப்பாக, கொத்திய சிறு குழிகளோடு இருக்கும்; அந்தப் பக்கம்தான் மரப்பிடிக்குள் போகும்.

உங்கள் ஊர் என்பதால் எனக்கு நம்பிக்கை அதிகம். அதே மாவட்டத்துப் பையம்பள்ளியில் 1960களில் நடந்த அகழாய்வில் புதிய கற்கால (கல்லைத் தேய்த்துக் கருவி செய்த காலத்து) ஊரே வெளிப்பட்டது. கர்நாடகத்தில் பல்லாரி அருகே சங்கனகல்லில் அதே காலத்தில் டோலரைட் என்ற கடினமான கரும்பாறையை உடைத்து, கொத்தி, தேய்த்துக் கோடாரி செய்த பட்டறைகளே இருந்தன. தேய்த்த பள்ளங்கள் இன்றும் அங்கே பாறையில் தெரிகின்றன.

கிடைத்த இடத்தை, ஆழத்தை இன்றே குறித்து வையுங்கள். அளவுகோல் வைத்துப் படமெடுத்து வேலூர் அரசு அருங்காட்சியகத்தில் காட்டுங்கள். விலை கேட்டு யாராவது வந்தால் கொடுத்துவிடாதீர்கள்.