25 வருடப் பழைய மென்பொருளை நம்பிப் புதிய செயலி எழுதலாமா?

தாராளமாக எழுதலாம், அது இன்னும் பராமரிக்கப்படுகிறது என்றால். எஸ்க்யூலைட்டையே பாருங்கள். ரிச்சர்ட் ஹிப் 2000-இல் வெளியிட்ட தரவுத்தள மென்பொருள் (SQLite) அது. இன்று ஆண்ட்ராய்டு போன்களிலெல்லாம் இருக்கிறது. 2004-இல் வந்த மூன்றாம் பதிப்பில் உருவாக்கிய கோப்பை இன்றைய பதிப்பும் அப்படியே திறக்கும். என்னைப் பொறுத்தவரை இதுதான் பெரிய விஷயம். புது வசதி சேர்ப்பது எளிது. பழைய தரவை உடைக்காமல் சேர்ப்பதுதான் கஷ்டம். அதற்காகவே எஸ்க்யூலைட் குழுவினர் மூல நிரலைவிடப் பல நூறு மடங்கு அதிகமான சோதனை நிரலை எழுதி வைத்திருக்கிறார்கள். ஒரு பிழை தெரியவந்தால், அதைப் பிடிக்கும் சோதனையையும் சேர்த்துவிடுவார்கள். அதனால் அதே பிழை மறுபடி நுழைவது அரிது. புதிதாக எழுதிய நிரலுக்கு இந்த அனுபவம் எங்கிருந்து வரும்? அப்புறம், 2050 வரை ஆதரவு தருவதாக அந்தக் குழுவே சொல்லியிருக்கிறது.