கடையில விண்டோஸ் 7, வீட்ல உபுண்டு: கோ புரோகிராம் பில்ட் பண்ணுதது எப்படி?

கேள்வி: அண்ணாச்சி, எங்க அப்பா பாவூர்சத்திரத்துல காய்கறி கமிஷன் கடை வச்சிருக்காவ. கமிஷன், கூலி கழிச்சு சீட்டு போட கோ லாங்வேஜ்ல ஒரு புரோகிராம் எழுதியிருக்கேன். பழைய புக்குல சொன்னபடி கோபாத்துக்குள்ள (கோ கோடு வைக்கதுக்குன்னு முன்னால இருந்த ஃபோல்டர்) எஸ்ஆர்சி ஃபோல்டர்ல வச்சு கோ பில்ட் அடிச்சா, கோ.மாட் ஃபைல் இல்லைன்னு எரர் வருது. என் லேப்டாப் உபுண்டு, கடையில இருக்கது விண்டோஸ் 7, 32 பிட். என்ன செய்யணும்?
- கல்லூரி மாணவர், ஆலங்குளம்

பதில்: தம்பி, கோடுல தப்பு தேடாதிய, புக்குதான் பழசு. 2018ல கோ 1.11 வெர்ஷன்ல மாட்யூல், அதாவது கோ.மாட் ஃபைலோட சேத்து கோடை ஒரே கட்டா வைக்குத முறை, வந்துட்டு, 2021ல 1.16 வந்தப்போ அதுவே டீஃபால்ட் ஆயிட்டு, அதுக்கப்புறம் கோபாத்துக்குள்ளதான் கோடு இருக்கணும்னு கட்டாயமே கெடையாது. உங்களுக்கு பிடிச்ச எடத்துல ஃபோல்டர் போட்டு, அதுக்குள்ள நின்னு கோ மாட் இனிட் அடிச்சு பக்கத்துல ஒரு பேர் குடுங்க, இங்கிலீஷ் எழுத்துல, ஸ்பேஸ் இல்லாம. கோ.மாட் வந்துரும், பில்டும் ஓடும். பல மாட்யூலை சேத்து வேலை பாக்க கோ.வொர்க்னு ஒரு ஃபைல் சொல்லுவாவ, ஒரே மாட்யூலுக்கு அது வேண்டாம்.

கடை கம்ப்யூட்டர்தான் உண்மையில பெரிய விசயம். அங்க கோ இன்ஸ்டால் பண்ணவே வேண்டாம், லேப்டாப்லயே 32 பிட் விண்டோஸுக்குன்னு சொல்லுத மாதிரி கோஓஎஸ்=விண்டோஸ், கோஆர்ச்=386னு (GOOS=windows GOARCH=386) முன்னால போட்டு கோ பில்ட் அடிச்சா எக்ஸ்இ ஃபைல் கெடைக்கும், பென்டிரைவ்ல கொண்டு போனா போதும். ஆனா ஒண்ணு நல்லா கவனிங்க, விண்டோஸ் 7க்கு சப்போர்ட் இருக்க கடைசி கோ வெர்ஷன் 1.20தான், 2023ல வந்த 1.21ல இருந்து குறைஞ்சது விண்டோஸ் 10 வேணும். புது கோவுல பில்ட் பண்ணா லேப்டாப்ல ஒரு எரரும் வராது, கடையில போய் ஓட்டும்போதுதான் மக்கர் பண்ணும், அதனால இதை மொதல்லயே சொல்லுதேன். 1.20.14ஐ தனி ஃபோல்டர்ல எறக்கி அதை வச்சே பில்ட் பண்ணுங்க, இருக்க புதுசை அழிக்க வேண்டாம். கோ.மாட்டுக்குள்ள கோனு ஆரம்பிக்க வரியையும் 1.20னு மாத்திருங்க, 1.22.0 மாதிரி மூணு நம்பர் இருந்தா பழைய கோ அதை ஏத்துக்கிடாது.

பின்னால பாக்கி கணக்கு வைக்க எஸ்க்யூலைட்னு சின்ன டேட்டாபேஸ் சேக்கணும்னு தோணும், அப்போ அதை புரோகிராமோட இணைக்குத டிரைவரை, சி கம்பைலர் கேக்காத, முழுசா கோவுலயே எழுதுனதா பாத்து எடுங்க, அதுவும் 1.20ல பில்ட் ஆகுத வெர்ஷனா. சி கேக்குத டிரைவரை போட்டா உபுண்டுல இருந்து விண்டோஸுக்கு பில்ட் பண்ண தனி சி கம்பைலர் செட்டப் பண்ணணும், அந்த வேலை இப்போ உங்களுக்கு எதுக்கு.