ஸ்காட்லாந்தின் வடகிழக்குக் கரை மீனவர் ஊர்கள்: கேள்வி பதில்

கேள்வி: ஒரே ஒரு நாள்தான் கையில் இருக்கிறது. பென்னன், குரோவி, கார்டன்ஸ்டவுன் மூன்றில் எதற்குப் போகலாம்?

பதில்: குரோவிக்குப் போங்கள். செங்குத்தான சரிவின் அடியில் ஒற்றை வரிசையாக வீடுகள். கடற்காற்றின் அடியைத் தாங்குவதற்காக, முகப்பைக் காட்டாமல் பக்கச் சுவரைக் கடலுக்குத் திருப்பிக்கொண்டு நிற்கின்றன. வீட்டுக்கும் அலைக்கும் இடையே நடைபாதை மட்டும்தான். கார் நுழைய வழியில்லை. மளிகையும் விறகும் ஒற்றைச் சக்கரத் தள்ளுவண்டியில்தான் வீடு சேர்கின்றன. இருட்டிய பிறகு அந்தப் பாதையில் நின்றால் கூழாங்கற்களை அலை பின்னுக்கு இழுக்கும் சத்தம் கேட்கும். அதற்காகவே ஓர் இரவு தங்கலாம்.

கேள்வி: இவ்வளவு அழகான ஊரில் ஏன் ஆளே இல்லை?

பதில்: அந்த அமைதிக்குப் பின்னால் பெரிய இழப்பு இருக்கிறது. ஆடு வளர்ப்புக்காக நிலச்சொந்தக்காரர்களால் நிலத்திலிருந்து வெளியேற்றப்பட்ட குடும்பங்கள் 18-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இங்கே வந்து கடலை நம்பிப் பிழைத்தன. பின்னாளில் மீன்பிடித் தொழில் ஃபிரேசர்பர்க், பீட்டர்ஹெட் போன்ற பெரிய துறைமுகங்களுக்கு நகர்ந்தது. 1953 ஜனவரி 31 அன்று வீசிய புயல் குரோவியின் சில வீடுகளையும் நடைபாதையையும் அடித்துச் சென்றது. பலர் ஊரை விட்டே போய்விட்டார்கள். இன்று பெரும்பாலானவை விடுமுறை வீடுகள். நிரந்தரமாக வாழ்பவர்கள் மிகச் சிலரே. அதனால்தான் கெஞ்சிக் கேட்கிறேன், ஜன்னலுக்குள் கேமராவை நீட்டாதீர்கள்.

கேள்வி: கார் இல்லாமல் போக முடியுமா?

பதில்: முடியும். அபர்டீன் நகரிலிருந்து பான்ஃப், மக்டஃப் ஊர்கள் வரை பஸ் உண்டு. அங்கிருந்து கார்டன்ஸ்டவுனுக்குப் பஸ்கள் குறைவு, திரும்பும் நேரத்தையும் முன்பே பார்த்துவைத்துக்கொள்ளுங்கள். ஊர்க்காரர்கள் கார்டன்ஸ்டவுனை 'கேம்ரி' என்பார்கள், குழம்ப வேண்டாம். காரில் வருபவர்கள் குரோவிக்கு மேலேயே வண்டியை நிறுத்திவிட்டு இறங்குங்கள்.

கேள்வி: பறவைகள் பார்க்க எந்த மாதம் நல்லது?

பதில்: மே, ஜூன், ஜூலை. குரோவிக்கும் பென்னனுக்கும் நடுவே உள்ள ட்ரூப் ஹெட் பாறை முனையில் கேனட் என்ற பெரிய கடற்பறவைகள் ஆயிரக்கணக்கில் கூடு கட்டுகின்றன. பார்ப்பதற்கு முன்பே எச்சத்தின் நெடியும் கரகரத்த கூச்சலும் வந்துசேரும். ஏறக்குறைய இரண்டு மீட்டர் விரியும் வெள்ளைச் சிறகுகளை மடக்கிக்கொண்டு அவை கடலுக்குள் ஈட்டியாய்ப் பாய்வதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். விளிம்புக்கு அருகே மட்டும் போகாதீர்கள், அங்கே வேலி கிடையாது. குழந்தைகளின் கையை விடவே கூடாது.

கேள்வி: சாப்பிட?

பதில்: மேற்கே கல்லன் ஊருக்குப் போய் 'கல்லன் ஸ்கிங்க்' சூப் குடியுங்கள். புகையூட்டிய ஹேடாக் மீன், உருளைக்கிழங்கு, வெங்காயம், பால், அவ்வளவுதான். குளிர்காற்றில் நடந்து வந்த உடம்புக்கு அதைவிட இதமானது எதுவும் இல்லை.

கேள்வி: அவர்கள் பேசும் ஆங்கிலம் புரியுமா?

பதில்: அவர்களுக்குள் பேசுவது டோரிக் என்ற வட்டார வழக்கு. 'ஃபிட் லைக்?' என்று கேட்டால் 'எப்படி இருக்கிறீர்கள்?' என்று பொருள். நீங்களும் அப்படியே கேட்டுப் பாருங்கள், முகம் மலர்ந்து பேச ஆரம்பித்துவிடுவார்கள்.