அம்மா படகில் ஏற எந்தப் படி வாங்கலாம்?

கேள்வி: இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனில் மரினா (படகு நிறுத்துமிடம்) ஒன்றில் 29 அடிப் பாய்மரப் படகு வைத்திருக்கிறேன். அம்மாவுக்கு 68 வயது, முழங்கால் வலி. படகைக் கட்டி நிறுத்தும் மிதக்கும் மேடையான பான்டூனிலிருந்து படகில் ஏற மிகவும் சிரமப்படுகிறார். படகில் தொங்கவிடும் மடக்குப் படி வாங்கலாமா, பான்டூனில் வைக்கும் பெட்டிப் படி வாங்கலாமா?

பதில்: முதலில் ஒரு டேப்பை எடுத்துக்கொண்டு பான்டூனுக்குப் போங்கள். பான்டூன் பலகையிலிருந்து படகின் தளம் எவ்வளவு உயரம் என்று பாருங்கள். உங்கள் அளவுப் படகுக்கு 50, 55 செ.மீ. இருக்கலாம். வீட்டு மாடிப்படி ஒன்று 18 முதல் 20 செ.மீ. தான். அதாவது அம்மாவை நாம் கிட்டத்தட்ட மூன்று படியை ஒரே எட்டில் ஏறச் சொல்கிறோம்! உங்கள் பக்கம் கடல் சுமார் 4 மீட்டர் ஏறி இறங்கினாலும், பான்டூனும் படகோடு சேர்ந்தே மிதப்பதால் இந்த அளவு மாறாது. அளவு மாறாத இடத்தில் பெட்டிப் படிதான் என் முதல் தேர்வு.

55 செ.மீ. என்றால் 18, 36 என்று இரண்டு தட்டு உள்ள பெட்டி பார்க்கலாம். அடிப்பாகம் அகலமாக, மேற்பரப்பு சொரசொரப்பாக இருக்கட்டும். காற்றில் நகராமல் பான்டூன் கிளீட்டில் (கயிறு கட்டும் கொம்பு) ஒரு கயிறு போட்டுக் கட்டிவிடுங்கள். படகுக்கு இரு பக்கமும் நீளும் ஒல்லியான பான்டூனில் பெட்டி நடைவழியை அடைத்துவிடும் என்பதால், மரினா அலுவலகத்தில் கேட்டுக்கொண்டு வாங்குவது நல்லது.

தொங்கும் படியை நான் வேண்டாம் என்று சொல்வதற்குக் காரணம், கால் வைத்ததும் அது படகின் அடிவயிற்றுப் பக்கம் உள்ளே நழுவும். இளவட்டங்கள் சமாளிப்பார்கள், வலிக்கிற முழங்கால் சமாளிக்காது. வேறு துறைமுகங்களுக்குப் போகும்போது ஒன்று வேண்டுமென்றால், படகின் பக்கவாட்டில் ஒட்டி நிற்கும், மெத்தை போன்ற ஃபெண்டர் படி தேவலாம். எதுவானாலும் கிளீட்டிலோ தளத்தின் உறுதியான வளையத்திலோ மாட்டுங்கள். நான் ஒரு முறை சோம்பலில் பக்கக் கம்பிக்காலின் (தளத்தின் ஓரத்தில் பாதுகாப்புக் கம்பியைத் தாங்கும் கால்) உச்சியில் மாட்டினேன். அதன் அடி தளர்ந்து, அந்த இடைவெளி வழியே அந்தக் குளிர்காலம் முழுக்க படகுக்குள் என் படுக்கையில் சொட்டுச் சொட்டாக மழை.

அப்புறம், கைப்பிடி. பக்கக் கம்பியில் திறக்கும் வாசல் இருக்கிறதா? இல்லாவிட்டால் சுமார் 60 செ.மீ. உயரக் கம்பியை அம்மா தாண்ட வேண்டும், எந்தப் படியும் உதவாது. வாசலுக்கு அருகே பாய்மரத்தைத் தாங்கும் ஷ்ரவுட் கம்பி கைக்கு எட்டினால் அதுதான் சரியான இடம், பெட்டியை அதற்கு நேரே வையுங்கள். படகின் நடுவிலிருந்து ஒரு குட்டைக் கயிற்றை இறுக்கிக் கட்டினால் ஏறும்போது படகு விலகிப் போகாது.

ஏறும்போது வலியில்லாத கால் முதலில். இறங்கும்போது வலிக்கிற கால் முதலில், முகம் படகைப் பார்த்தபடி. பையை யாராவது வாங்கிக்கொள்ளட்டும், அம்மாவின் இரண்டு கையும் காலியாக இருக்க வேண்டும். நீங்கள் மேலே நின்று கையைப் பிடித்து இழுக்காதீர்கள். பான்டூனில் அவருக்குப் பின்னால் நில்லுங்கள்.